மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெட்டி

மாங்குளத்தில் பஸ் மாறி
ஒட்டுசுட்டான் வீதியில் இறங்கினேன்.
தோள்பையில் என் புத்தகங்கள் ஆறு,
ஒவ்வொரு அட்டையிலும் ஓடுகிற ஒரு பையன்.
கரிப்பட்டமுறிப்பில் சோளம் அவித்து விற்றவர்
"கதை எழுதப் பழக்க வந்த ஆளோ?" என்றார்.
எப்படியோ தெரிந்திருந்தது.
காசு வாங்கவில்லை, உப்பும் போடவில்லை.

ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒன்றாக
இருபத்து மூன்று பேர்.
ஒரு மின்விசிறி, அதுவும் சுவரைப் பார்த்தபடி.
வெண்கட்டி எடுத்து எழுதினேன்:
சாகசம் என்றால் புறப்படுதல்.
ஒன்று, வரைபடம்.
இரண்டு, காடு.
மூன்று, பெட்டி.
நாலை வெறுமையாய் விட்டேன்.
கீழே, பெரிய எழுத்தில்:
எழுப்பிய கேள்விக்குக் கதை பதில் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் வெளுத்து வாங்கினார்கள்.
தனுசியனின் குளக்கட்டு தாளுக்குள் அடங்காமல்
மேசையில் கொஞ்சத் தூரம் போயிற்று.
எந்த மரத்தில் தேன்,
எந்த மோட்டையில் மாடு புதையும்,
எல்லாம் குறித்தாள் கபிநயா.
என் புத்தகங்களில் காடென்றால் இருட்டு.
இவர்களுக்கோ அது பாலைப்பழக் காலம்,
லாண்ட்மாஸ்ரர் திரும்பக்கூடிய இடம்,
சூடு ஆறாத யானை லத்தி.
நான் நகரத்தில் இருந்துகொண்டு
இருட்டை எத்தனை தரம் விற்றிருக்கிறேன்.

"இப்போது," குரலைத் தாழ்த்தினேன்,
"பாலை மரத்தடியில் மண் கொஞ்சம் மேடு.
பெருவிரலில் ஏதோ தட்டுகிறது.
இரும்பு.
எழுதுங்கள்."

எழுதினார்கள். வாசித்தார்கள்.
தனுசியனின் வீரன் நின்ற இடத்திலேயே நின்றான்.
மிதுலனின் வீரன் தம்பியைக் கத்தி நிறுத்தினான்.
யதுர்சிகாவின் பெண்
தலையிலிருந்த சிவப்பு ரிபனை அவிழ்த்து
தடியொன்றில் முடிந்து நட்டுவிட்டு
(அந்த ரிபனை முதல் பக்கத்திலேயே கட்டிவிட்டிருந்தாள்,
எனக்கு அது ஏழாவது புத்தகத்தில்தான் கைவந்திருக்கும்)
வந்த காலடிகளில் காலடி வைத்துத் திரும்பினாள்.
இருபத்திரண்டு கதை, இருபத்திரண்டு பெட்டி.
ஒருவரும் தொடவில்லை.

"கதையில் தொடலாம்," என்றேன்.
"கதையில் ஒன்றும் நடக்காது."
"ஒண்டும் நடக்காட்டி
பிறகென்ன சாகசம் ரீச்சர்?" என்றான் மிதுலன்.
குறும்பில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல.

அப்போதுதான் பின்சுவரைப் பார்த்தேன்.
காலையில் என் அட்டைகளை ஒட்டுகையில்
நானே பாதி மறைத்த பழைய சுவரொட்டி:
தொடாதே. நெருங்காதே. அறிவி.
என் பையன் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தான்.

இருபத்து மூன்றாவது ஆள் அபிசாந்,
தண்ணீர் எடுக்கப் போய் அரை மணி கழித்து வந்தவன்,
நின்றபடி வாசித்தான்:
"முள்ளம்பண்டி கிண்டிச்சு.
அதுக்கு வாசிக்கத் தெரியாது.
பெட்டிக்குள்ள மரவள்ளி இல்லை.
போயிட்டுது."
வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.
நானும். கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

மணி அடிக்கப் பத்து நிமிடம்.
யதுர்சிகா தன் நாலாம் அத்தியாயத்தோடு வந்தாள்.
தொலைபேசி எடுத்தார்கள். வாகனம் வந்தது.
முகக்கவசக்காரர் முழங்காலில் இருந்து
அரை நாள் மண்ணை விறாண்டினார்கள்.
பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"உள்ளே என்ன இருந்தது?"

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.
அவ கேட்டவ. பிறகும் கேட்டவ.
கதை அதோட முடியுது."
கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.
"இப்பிடி முடியலாமோ ரீச்சர்?"

முடியலாம் என்றேன்.
பிறகு,
முடியக்கூடாது என்றேன்.

இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்,
கீழே கோடு இழுத்தாள்,
அடிமட்டம் வைத்து.